23 குழந்தைகள் படிக்கும் மலைப்பள்ளிக்குக் கட்டட நிதி: யாரிடம், எந்தக் கணக்கில் கேட்பது?

கேட்பவர்: பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, குந்தா வட்டம்

அனைவருக்கும் வணக்கம். நீலகிரி மாவட்டம் குந்தா வட்டத்தில் மலைச்சரிவில் அமைந்த ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்) இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியாக இருக்கிறேன். என் மகள் அங்கே நான்காம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் மொத்தம் 23 குழந்தைகள், இரண்டு ஆசிரியர்கள். முன்பு இரண்டு கட்டடங்கள் இருந்தன. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களை மாநிலம் முழுவதும் இடித்தபோது, எங்கள் பழைய ஓட்டுக் கட்டடமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. இடிக்கும் வேலை இரண்டு நாளில் முடிந்தது. அந்த இடத்தில் இப்போது மேரக்காய்க் கொடி படர்ந்திருக்கிறது.

மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கான்கிரீட் அறை. ஐந்து வகுப்புகளும் அதற்குள்தான். அறைக்குப் பின்னால் மலையை வெட்டிய இடத்தில் பத்தடி உயரத்துக்கு ஒரு கல் தடுப்புச் சுவர் இருக்கிறது. அதன் நடுப்பகுதி இரண்டு ஆண்டுகளாக வெளியே பிதுங்கிக்கொண்டு வருகிறது. ஆடி மழை பிடித்துவிட்டால் வகுப்பறையின் பின்சுவர் முழுவதும் ஈரம் ஏறி, கரும்பலகையில் சாக்கட்டி எழுத்து விழாமல் வழுக்கும். ஆசிரியை தினமும் காலையில் ஒரு பழைய துணியால் பலகையைத் துடைத்துவிட்டுத்தான் தேதி எழுதுகிறார். சத்துணவுக் கூடத்தின் கதவைப் போன ஆண்டு கரடி பெயர்த்துவிட்டது. எண்ணெய் வாசனைக்கு வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது எண்ணெய் டின் வகுப்பறையின் மூலையில் இருக்கிறது.

நாங்கள் மூன்று முறை தீர்மானம் போட்டோம். முதல் முறை, சேர்க்கை குறைவு என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். இரண்டாம் முறை சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் மதிப்பீடு தயாரானது. இரண்டு தடவை ஒப்பந்தப்புள்ளி கோரியும் யாரும் எடுக்கவில்லை. மார்ச் மாதம் வந்தது, கோப்பு நின்றது. மூன்றாம் முறை, ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ வழியாக நன்கொடையாளரைத் தேடுங்கள் என்றார்கள். ஒரு நிறுவனத்தார் வந்தார்கள், மிகவும் அன்பாகவே பேசினார்கள், சுவருக்கு வண்ணம் அடித்து ஒரு பெரிய திரையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். தடுப்புச் சுவர் தங்கள் திட்டத்தில் வராது என்றார்கள். ஈரத்தில் கெட்டுவிடும் என்பதால் அந்தத் திரை இப்போது சாக்குக்குள் சுற்றி பீரோவில் இருக்கிறது.

நான் அறிய விரும்புவது இவைதான். இந்தக் கட்டடத்தை உண்மையில் யார் கட்டித் தர வேண்டும், எந்த நிதியில் கேட்டால் நடக்கும்? தீர்மானத்தில் எதைத் தெளிவாக எழுத வேண்டும்? இன்னொன்று, இதை எங்கள் ஊர்க்காரர்களே கேட்கிறார்கள்: 23 பிள்ளைகளுக்காக அரசு இத்தனை இலட்சம் செலவிடுவது நியாயம்தானா? இந்தக் கேள்விக்கு எனக்கு நேரான பதில் சொல்லத் தெரியவில்லை.

---

பதில்: ஓய்வுபெற்ற ஒன்றியப் பொறியாளர், குன்னூர்

அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். முப்பது ஆண்டுகள் மலை ஒன்றியங்களில் மதிப்பீடு போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் பணி நின்ற இடம் நிதி ஒதுக்கீடு அன்று, மதிப்பீடு. அதை விளக்குவதற்கு முன் உடைமை பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் கட்டடம் ஒன்றியத்துக்கு உரியது. ஆசிரியர்களோ 1981 ஜூன் முதல் அரசு ஊழியர்கள். அவர்களை நிர்வகிப்பது தொடக்கக் கல்வித் துறை. ஆகவே ஓடு பெயர்ந்தால் வட்டார வளர்ச்சி அலுவலர், ஆசிரியர் வராவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலர். நீங்கள் கட்டடத்துக்கான மனுவைக் கல்வி அலுவலகத்தில் மட்டும் கொடுத்தால், அங்கிருந்து ஒன்றியத்துக்கு ஒரு முகப்புக் கடிதம் போகும், அவ்வளவுதான். இரண்டு இடத்திலும் ஒரே நாளில் கொடுத்து, இரண்டிலும் ஒப்புகை வாங்குங்கள். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு நம் மாவட்டத்திலும் திண்டுக்கல்லிலும் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். மன்றம் இல்லாத காலத்தில் ஒன்றியக் கூட்டத்தில் உங்களுக்காக எழுந்து பேச உறுப்பினர் இருக்க மாட்டார். அப்போது எழுத்தில் உள்ளதுதான் பேசும்.

நிதிக் கணக்குகளைப் பொறுத்தவரை, ஒன்றியப் பள்ளிகளுக்கான முதன்மை வழி ஊரக வளர்ச்சித் துறையின் குழந்தைகள் நேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம். 2022-23 வரவு செலவுத் திட்டத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு 7,000 கோடி ரூபாய் என்று அறிவித்த பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தின் கீழும் புதிய வகுப்பறைகள் வந்தன. சட்டமன்ற உறுப்பினர் நிதி ஆண்டுக்கு 3 கோடி; அதில் கேட்கலாம். நாடாளுமன்ற உறுப்பினர் நிதி 5 கோடி என்றாலும், நம் நீலகிரி மக்களவைத் தொகுதிக்குள் மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் ஆகியவையும் அடங்கும் என்பதால், மலைக்கு ஏறி வருவது அதில் ஒரு பங்குதான்.

இனி மதிப்பீட்டுக்கு வருகிறேன். சமவெளியில் வகுப்பறைக்கு ஒரு மாதிரி வரைபடம் இருக்கும். அடித்தளம், சுவர், தளம், பூச்சு என்று விலை விகிதப் பட்டியலைப் பார்த்துப் பெருக்கினால் தொகை வந்துவிடும். அதே வரைபடத்தைக் குந்தாவுக்குக் கொண்டுவரும்போது அறைக்கான செலவு பெரிதாக மாறாது, நிலத்தைப் பண்படுத்தும் செலவுதான் மாறும். மண்ணை வெட்டுவது, வெட்டிய இடத்துக்குத் தடுப்புச் சுவர், சுவருக்கு மேல் மழைநீரைத் திருப்பும் வாய்க்கால், கீழே கொட்டிய மண்ணில் அறை உட்காராமல் கெட்டி மண் வரை இறங்கும் அடித்தளம் ஆகிய இந்த நான்கும் பல மதிப்பீடுகளில் ‘இதர பணிகள்’ என்ற ஒரே வரியில் ஒடுங்கிவிடும். நான் போட்ட சில மதிப்பீடுகளில் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு சுவருக்கும் வாய்க்காலுக்குமே போனது உண்டு. அப்படிப் போட்டால் ‘அறையைவிடச் சுவர் பெரிதா?’ என்று மேலிடத்தில் கேட்பார்கள். போடாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், ஒப்பந்தக்காரர் வரமாட்டார்.

அவர் வராததற்கு இன்னொரு காரணம் ‘லீடு’, அதாவது பொருள்களைச் சுமந்துவரும் தூரம். ஜல்லியும் எம்-சாண்டும் கம்பியும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகின்றன. லாரி மஞ்சூர் வரை வந்துவிடும். அதற்கு மேல் உங்கள் ஹட்டி வரை பிக்கப் வண்டி; கடைசியில் படிக்கட்டு இருந்தால் தலைச்சுமை. மலைப்பகுதிக்கென்று கூடுதல் விகிதம் உண்டு, ஆனால் மதிப்பீட்டாளர் அந்தக் கடைசி அரை கிலோமீட்டரைத் தனியாக அளந்து எழுதினால்தான் அது தொகையில் சேரும். அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிய மதிப்பீட்டில் அது இருக்காது. உங்கள் பழைய மதிப்பீட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கி முதலில் இதைப் பாருங்கள்.

காலக் கணக்கும் நமக்கு எதிரானது. உங்கள் பக்கத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. ஜனவரியில் இரவு உறைபனி. கான்கிரீட் இறுகவே தயங்கும். நிம்மதியாக வேலை செய்யக்கூடியது பிப்ரவரி முதல் மே வரையிலான நான்கு மாதங்கள். நிதியாண்டோ மார்ச் 31-இல் அவற்றை நடுவில் வெட்டுகிறது. ஆகஸ்டில் நிர்வாக அனுமதி, டிசம்பரில் ஒப்பந்தப்புள்ளி என்று நகர்ந்த கோப்புகள் மார்ச்சில் செத்துப்போனதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஏப்ரலிலேயே தீர்மானம் போட்டு, மழைக்காலத்திலேயே கோப்பு வேலைகளை முடித்து, நவம்பருக்குள் வேலை உத்தரவு கையில் இருந்தால்தான் பிப்ரவரியில் மண்வெட்டி விழும்.

தடுப்புச் சுவரை வகுப்பறையோடு சேர்த்துக் கேட்காதீர்கள். நீலகிரியில் 283 இடங்கள் நிலச்சரிவு அபாயம் உள்ளவை என்று மாவட்ட நிர்வாகம் பட்டியலிட்டிருக்கிறது. 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனதற்கும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியதற்கும் பிறகு, சரிவைக் காப்பது வருவாய்த் துறைக்கும் உரிய பொறுப்பாகிவிட்டது. பேரிடர்த் தணிப்பு நிதி என்று தனிக் கணக்கே இருக்கிறது. வட்டாட்சியரிடம் தனி மனு கொடுங்கள். பிதுங்கிய சுவரின் படத்தைத் தேதியோடு இணையுங்கள்.

ஒரு சோதனை சொல்கிறேன், செலவில்லாதது. தடுப்புச் சுவர்கள் பெரும்பாலும் மண்ணின் எடையால் விழுவதில்லை; மண்ணுக்குள் தேங்கும் தண்ணீர் தள்ளுவதால் விழுகின்றன. அந்தத் தண்ணீர் வெளியேறத்தான் சுவரில் துளைகள் விட்டிருப்பார்கள். ‘வீப் ஹோல்’ என்போம். நல்ல மழை பெய்த மறுநாள், பக்கவாட்டில் தள்ளி நின்று பாருங்கள். துளைகளில் நீர் சொட்டினால் சுவர் மூச்சு விடுகிறது. ஊரெல்லாம் நனைந்திருக்க அவை மட்டும் உலர்ந்திருந்தால், சுவருக்குப் பின்னால் தண்ணீர் நிற்கிறது என்று பொருள். அப்போது பிள்ளைகளை அந்த அறையின் பின்பாதியில் உட்கார வைக்காதீர்கள்.

---

பதில்: தலைமை ஆசிரியர், கோத்தகிரி பகுதி

பொறியாளர் ஐயா சொன்னதோடு ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஆண்டுதோறும் நாங்கள் நிரப்பும் யூடைஸ் பிளஸ் (பள்ளிகளின் தேசியத் தரவுத் தளம்) படிவத்தில் வகுப்பறைகளை நல்ல நிலை, சிறு பழுது, பெரும் பழுது என்று பிரித்துக் குறிக்க வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் ஆண்டுத் திட்டம் அந்தத் தரவிலிருந்துதான் பிறக்கிறது. ‘பெரும் பழுது’ என்று போட்டால் விளக்கம் கேட்பார்களோ என்று தயங்கி, ‘சிறு பழுது’ என்றே பல ஆண்டுகள் போட்டவர்களில் நானும் ஒருவன். உங்கள் பள்ளிக்கு என்ன குறித்திருக்கிறது என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்; குற்றம் சாட்டும் தொனியில் கேட்க வேண்டாம்.

பராமரிப்புக்கு வரும் தொகையையும் தெரிந்துகொள்ளுங்கள். முப்பது பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த மானியம் ஆண்டுக்கு 10,000 ரூபாய். அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. 31-ஆவது பிள்ளை சேர்ந்தால் 25,000. மழை பிள்ளைகளை எண்ணிப் பார்த்துப் பெய்வதில்லை. கூரையின் பரப்பு 23 பேருக்கும் 90 பேருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். இந்தத் திட்டத்தில் ஒன்றிய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கு. ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத் தகராறில் 2024-25-க்குரிய 2,152 கோடி ரூபாய் வராமல் போய், தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் வரை சென்றதை எல்லோரும் செய்தியில் படித்திருப்பீர்கள். அந்தப் பெரிய தொகையின் கடைசி நுனியில்தான் என் பள்ளியின் கூரைத் தகடும் பினாயில் புட்டியும் இருக்கின்றன.

---

பதில்: விவசாயி, தாண்டிக்குடி பக்கம், பழனி மலை

நான் சற்று மாறுபட்ட கருத்தைச் சொல்கிறேன். சகோதரி தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பக்கத்தில் ஒரு குடியிருப்பில் இதேபோல் போராடி, ஏழு ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு அறைக் கட்டடம் வாங்கினோம். அப்போது பிள்ளைகள் 19 பேர். இன்று நான்கு பேர். மற்றவர்கள் காலை ஏழரைக்கு வேன் ஏறிக் கீழே தனியார் பள்ளிக்குப் போகிறார்கள். ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது. மிளகு காய வைக்க இடம் இல்லாதவர்கள் அதன் வராந்தாவைப் பயன்படுத்துகிறார்கள் (நானும்தான்).

நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகையே 2001-இல் 7,62,141 ஆக இருந்து 2011-இல் 7,35,394 ஆகக் குறைந்தது. தேயிலை விலையையும் பசுந்தேயிலைக் காசையும் நம்பி இளைஞர்கள் இனி ஊரில் தங்கப் போவதில்லை. எங்கள் மலையில் காப்பிக்கும் இதே கதை. அப்படியிருக்க, ஐம்பது ஆண்டு நிற்கும் கட்டடத்தை இன்னும் எட்டு ஆண்டுக்கு மட்டுமே பிள்ளைகள் இருக்கக்கூடிய ஊரில் கட்டலாமா? பள்ளி தொலைவில் உள்ள குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு வழித்துணையோடு வாகன வசதி செய்துதர, பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலேயே இடம் உண்டு. 23 பிள்ளைகளுக்கு அது 1,38,000 ரூபாய். கட்டடத் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து வகுப்புக்கு ஐந்து ஆசிரியர் இருக்கும் ஒரு நல்ல பள்ளிக்கு எல்லோரையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது பிள்ளைகளுக்கும் நல்லதல்லவா?

வெள்ளகவி போன்ற காட்டுப் பாதை ஊர்களுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது என்று எனக்கும் தெரியும். மோட்டார் சாலை உள்ள ஊர்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.

---

பதில்: ஆசிரியை, கூடலூர் பகுதி

தாண்டிக்குடி ஐயாவின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் வேன் ஓடும் என்ற நம்பிக்கையில் அந்தக் கணக்கு நிற்கிறது. எங்கள் பகுதியில் மாலை நான்கரை மணிக்கு யானை சாலையில் நின்றால் வண்டி நிற்கும். ஜூலையில் மரம் விழுந்தால் இரண்டு நாள் நிற்கும். வண்டி நிற்கும் நாளில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளையை அப்பா பைக்கில் கொண்டுவிடுவார். பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளை வீட்டில் இருந்துவிடும். மூன்று நாள் வராத பிள்ளை நான்காம் நாள் வரக் கூச்சப்படும். ஒரு மாதம் கழித்து அதன் பெயரை வருகைப் பதிவேட்டில் மட்டும் படிப்போம். நான் அழைத்துவரப் போன வீடுகளில் பலமுறை கண்டது இது. ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும் என்று விதியில் எழுதியிருப்பதன் அருமை, ஆறு வயதுப் பிள்ளை தானாக நடந்து வரும்போதுதான் தெரிகிறது.

மேலும், ஐயா சொன்ன பள்ளியில் கட்டடம் வந்த பிறகு பிள்ளைகள் போனார்களா, கட்டடம் வந்தும் போதுமான ஆசிரியர்கள் வராததால் போனார்களா என்று பார்க்க வேண்டும். 2025-26-இல் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கிய 46,767 கோடியில் பெரும்பகுதி சம்பளம்தான் என்று குறை சொல்வோர் உண்டு. அந்தச் சம்பளத்தில் ஒரு பங்கு நான்கு பிள்ளைகள் உள்ள ஊருக்கும் போய்ச் சேர்ந்தால்தான் அங்கே ஐந்தாவது பிள்ளை சேரும்.

கேள்வி கேட்ட அக்காவுக்கு என் ஆலோசனை வேறு ஒன்று: நிலத்தைப் பாருங்கள். கூடலூர், பந்தலூர் பக்கத்தில் பள்ளிக் கட்டடங்கள் எழும்பாததற்கு முதல் காரணம் பணமே இல்லை. 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் நிலங்கள் ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-க்குள் வரும் நிலங்களின் உடைமை இன்னும் தீராத வழக்கு. அந்த நிலத்தில் வீட்டுக்கு மின் இணைப்பு வாங்குவதே பெரும்பாடு. நிரந்தரப் பள்ளிக் கட்டடத்துக்கு எந்த அதிகாரி துணிந்து கையெழுத்துப் போடுவார்? நான் முதலில் வேலை பார்த்த பள்ளிக்கு மூன்று முறை தொகை வந்து மூன்று முறையும் திரும்பிப் போனது. அங்கே இன்னும் தகரக் கொட்டகைதான். மழை பலமாகப் பெய்தால் பாடத்தை நிறுத்திவிட்டு எழுதச் சொல்வோம், குரல் எடுபடாது.

குந்தா பக்கத்தில் பிரிவு 17 சிக்கல் இல்லை. ஆனால் உங்கள் ஹட்டிகளில் கூட்டுப் பட்டா உண்டல்லவா? 1950-களின் இறுதியில் காமராசர் ஆட்சியில், பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தியபோது, மக்கள் பெஞ்சும் நாற்காலியும் நிலமுமாக அள்ளிக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் வாய்ச்சொல்லோடு கொடுத்த நிலங்களும் உண்டு. பத்திரம் எழுதுவது அவமதிப்பு என்று நினைத்த காலம். இன்று பேரப்பிள்ளைகள் பெயரில் பட்டா மாறும்போது பள்ளி நிற்கும் இடமும் அதற்குள் போய்விடும். பள்ளி நிற்கும் புல எண் யார் பெயரில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டில் (ஊரின் நிலப் பதிவேடு) பாருங்கள். மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி எல்லாம் அதற்குப் பிறகு.

---

பதில்: ஓய்வுபெற்ற ஒன்றியப் பொறியாளர், குன்னூர்

நிலத்தைப் பற்றி நான் எழுத மறந்ததை ஆசிரியை அம்மா எழுதிவிட்டார், நன்றி. தாண்டிக்குடி நண்பரின் கேள்வியும் எளிதாக ஒதுக்கத்தக்கது அன்று. அதற்கு என் தொழில் சார்ந்த பதில் இது: 23 பேருக்கு மூன்று அறை கேட்காதீர்கள். இப்போது இருக்கும் அறையின் கூரையையும் பின்சுவரையும் பழுது பார்த்து, ஒரே ஓர் அறை புதிதாகக் கேளுங்கள். ஓர் ஆசிரியருக்கு ஓர் அறை என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. இரண்டு ஆசிரியர் உள்ள பள்ளிக்கு இரண்டாவது அறை சலுகை அன்று, சட்டம் சொன்ன குறைந்த அளவு. சத்துணவுக் கூடத்துக்கு இரும்புக் கதவும் கம்பி வலையும் அதே மதிப்பீட்டில் வரட்டும். கரடிக்கு மரக்கதவு ஒரு பொருட்டே அல்ல. நாளை சேர்க்கை குறைந்து பள்ளி மூடினாலும், தடுப்புச் சுவரும் வாய்க்காலும் கீழே உள்ள வீடுகளைக் காத்துக்கொண்டு நிற்கும். அந்தச் செலவை 23-ஆல் வகுக்கக் கூடாது. சரிவின் கீழ் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று எண்ணி மனுவில் எழுதுங்கள்.

ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் தொடங்கிய மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் முன்பு இப்படிப்பட்ட சுவர்களுக்குக் கைகொடுத்தது. திட்டக் குழு மறைந்து நிதி ஆயோக் வந்த பிறகு ஒன்றிய அரசின் அந்த உதவி நின்றுபோனது. மாநில அரசின் சிறப்புப் பகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் இடம் உண்டா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

---

கேட்டவரின் பதில்: பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, குந்தா வட்டம்

பதில் எழுதிய நால்வருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன். அதற்குள் சிலவற்றைப் பார்த்து முடித்தோம்.

கடந்த வியாழக்கிழமை இரவு முழுவதும் மழை. வெள்ளி காலை ஏழு மணிக்குச் சத்துணவு உதவியாளர் அக்காவும் நானும் குடையோடு போய்ச் சுவரைப் பார்த்தோம். மொத்தம் பன்னிரண்டு துளைகள். ஓரங்களில் இருந்த மூன்றில்தான் நீர் வந்தது. பிதுங்கிய இடத்தில் உள்ள ஒன்பதும் உலர்ந்து, வாயில் பாசி அடைத்துக் கிடந்தன. சுவருக்கு நேரே யாரையும் போகவிடாமல், ஊர்ப் பெரியவர் ஒருவர் பக்கவாட்டில் நின்று நீளமான கம்பியால் உலர்ந்த துளைகளில் ஓரமாக இருந்த ஒன்றைக் குத்தினார். முதலில் சேறு வந்தது, பிறகு காபி நிறத்தில் தண்ணீர். கால் மணி நேரம் நிற்காமல் ஓடியது. அன்றே ஆசிரியையிடம் சொல்லிப் பெஞ்சுகளை எல்லாம் வாசல் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டோம். எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்திருக்கிறோம். சுவருக்குக் கீழே பதினொரு வீடுகள் இருக்கின்றன. அதில் ஒன்று, 23 பிள்ளைகளுக்கு இத்தனை செலவா என்று கூட்டத்தில் முதலில் கேட்டவருடையது. வட்டாட்சியருக்கான மனுவில் அவர்தான் முதல் கையெழுத்து.

யூடைஸ் படிவத்தில் ‘சிறு பழுது’ என்றுதான் இருந்தது. தலைமை ஆசிரியர் மறுக்காமல் காட்டினார். அடுத்த பதிவேற்றத்தில் மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்.

நிலம்தான் ஆசிரியை சொன்னபடி ஆகிவிட்டது. பள்ளி நிற்கும் புல எண் கூட்டுப் பட்டாவில் ஏழு பெயர்களில் இருக்கிறது. அதில் என் மாமனாரின் அப்பா பெயரும் ஒன்று. எங்கள் வீட்டு நிலத்தில் பள்ளி இருப்பது எனக்கே இத்தனை நாள் தெரியாது. அவர்களின் வாரிசுகளில் பெரும்பாலானோர் ஊரிலேயே இருக்கிறார்கள், பள்ளி இருக்கும் பதினான்கு சென்ட்டை ஒன்றியத்தின் பெயருக்குத் தானப் பத்திரம் எழுதித் தரச் சம்மதித்துவிட்டார்கள். இரண்டு பேர் மேட்டுப்பாளையத்திலும் ஒருவர் பெங்களூரிலும் இருக்கிறார்கள். ஹெத்தை அம்மன் திருவிழாவுக்கு எல்லோரும் ஊருக்கு வருவார்கள். அந்த வாரத்திலேயே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நாள் கேட்டு வைக்கலாம் என்று இருக்கிறோம்.

இன்னும் ஒரு சந்தேகம் மட்டும். பழைய மதிப்பீட்டின் நகல் வந்துவிட்டது. அதில் சுமை தூக்கும் தூரம் என்ற இடத்தில் வெறும் கோடு போட்டிருக்கிறார்கள். பிக்கப் நிற்கும் இடத்திலிருந்து பள்ளி வரை 140 படிகள், நாங்கள் எண்ணிவிட்டோம். இதைத் தீர்மானத்தில் படிக்கணக்கில் எழுதலாமா, மீட்டரில்தான் எழுத வேண்டுமா என்று பொறியாளர் ஐயா சொன்னால், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அப்படியே எழுதிவிடுவோம்.

---

பதில்: ஓய்வுபெற்ற ஒன்றியப் பொறியாளர், குன்னூர்

மீட்டரில் எழுதுங்கள், கிடைத்தூரம், ஏற்ற உயரம் இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். படிக்கணக்கையும் அடுத்த வரியில் சேர்த்துவிடுங்கள், ஆய்வுக்கு வருகிறவர் ஏறிப் பார்க்கும்போது எண்ணிக்கொண்டு வரட்டும்.